அரசிழந்த அரசர்



ஆரணி என்றதும் எவர் நினைவுக்கும் முதலில் வருவது பட்டுச் சேலை. கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த எங்கள் ஊரில் தறியோசையைக் கேட்டுத்தான் பொழுது விடியும். ஆயினும் ஆரணிக்கு இன்னொரு வரலாறும் உண்டு. நெடுங்காலம் இது ஒரு ஜாகீரின் தலைமையிடமாக விளங்கியது. மேலரசுக்குச் செய்த பணிக்கு ஈடாக, ஒரு நிலப்பகுதியின் வருவாயை நுகரும் உரிமையைப் பெறுவதே ஜாகீர் எனப்படும். அவ்வுரிமையைப் பெற்ற ஜாகீர்தாரை முழு அரசர் என்றும் சொல்ல இயலாது; வெறுங் குடியானவர் என்றும் சொல்ல இயலாது. அவருக்கு அரண்மனை உண்டு, பரிவாரம் உண்டு, கப்பம் கட்ட வேண்டிய கடமையும் உண்டு.

எங்கள் ஊர் ஜாகீர்தார்கள் மகாராஷ்டிரக் குடும்பத்தினர். பதினேழாம் நூற்றாண்டில், பீஜப்பூர் சுல்தானின் தளபதியாகத் தெற்கே வந்தார் ஷாஹாஜி போன்ஸ்லே. சத்ரபதி சிவாஜியின் தந்தை அவரே. அவருடன் இருந்த வேதாஜி பாஸ்கர பந்த் என்பவருக்கு ஆரணிச் சீமை கிடைத்தது. ஷாஹாஜியின் மற்றொரு மைந்தரான ஏகோஜி, 1676-ஆம் ஆண்டுக்குள் தஞ்சை அரியணையையே கைப்பற்றிக்கொண்டார். ஆரணியின் ஜாகீரும் தஞ்சையின் அரசும் இவ்வாறு ஒரே அலையில் கரை ஒதுங்கியவை. ஆகவே தஞ்சை மன்னர் ஒருவரைப் பற்றி ஆரணிக்காரன் பேசுவதில் வியப்பில்லை. நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள், தஞ்சை மகாராஷ்டிர மன்னர் இரண்டாம் சரபோஜியின் வாழ்க்கையும் அவருடைய குடும்ப வரலாறுமாகும்.

நான் பள்ளியில் வரலாறு கற்பித்த நாள்களில் ஒரு மாணவன் எழுந்து கேட்டான்: “ஐயா, சரபோஜி எந்தப் போரிலும் வெற்றி பெறவில்லையே, நாட்டையும் கும்பெனியாரிடம் கொடுத்துவிட்டாரே, பிறகு அவரை நாங்கள் ஏன் படிக்க வேண்டும்?” நல்ல வினா. வெற்றி பெற்றவர்களைப் பற்றி மட்டுமே படித்துப் பழகிய மனத்தில் இவ்வினா எழுவது இயல்பே. ஆட்சி கையைவிட்டுப் போன ஓர் அரசரை நாம் எந்த அளவுகோலால் அளப்பது? இதற்கு விடை காண்பதே இப்பேச்சின் நோக்கம்.

இது தஞ்சைக்கு மட்டும் உரிய வினாவன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெர்மனி என்ற ஒரே நாடு இல்லை. முந்நூறுக்கு மேற்பட்ட சிற்றரசுகள் அங்கே இருந்தன. சில அரசுகள் நம் வட்டங்களைவிடச் சிறியவை. அவற்றின் பிரபுக்களில் சிலர் தம் குடிமக்களைப் போர்வீரராக்கி அயல் நாட்டுக்கு வாடகைக்கு விட்டுப் பொருள் சேர்த்தனர். ஹெஸ்ஸே-காஸல் பிரபு தந்த வீரர்கள் அமெரிக்க விடுதலைப் போரில் ஆங்கிலேயர் பக்கம் நின்று போரிட்டதை நீங்கள் படித்திருக்கலாம். ஆங்கில மன்னரே ஹானோவர் நாட்டுக்கும் அதிபதியாயிருந்த காரணத்தால், ஹானோவர்ப் படையினர் நம் கடலூர் வரை வந்து 1783-ஆம் ஆண்டுப் போரில் உயிர் துறந்தனர். ஆனால், அதே ஜெர்மனியில் வைமார் என்ற ஒரு சின்னஞ்சிறு அரசும் இருந்தது. அதன் பிரபு கார்ல் ஆகஸ்ட். அவரைப் பற்றிப் பின்னர்ச் சொல்கிறேன். நம் சரபோஜியை விளங்கிக்கொள்ள அவர் நமக்குத் துணை செய்வார்.

முதலில் தஞ்சையின் அந்நாளைய நிலையைப் பார்ப்போம். ஆர்க்காட்டு நவாபு, ஆங்கிலக் கும்பெனி, பிரெஞ்சுக் கும்பெனி, மைசூர் அரசு ஆகிய நால்வரும் நம் நாட்டை ஆடுகளமாக்கிய காலம் அது. எங்கள் ஆரணிக்கு அருகிலேயே இருமுறை போர் நடந்தது. 1751-ஆம் ஆண்டு டிசம்பரில் ராபர்ட் கிளைவ் இங்கே சந்தா சாகிபின் தரப்பாரை முறியடித்தார். 1782-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஹைதர் அலியின் படையும் சர் அயர் கூட்டின் படையும் இங்கே மோதின. பெரும்படைகள் மோதும்போது சிற்றரசு என்ன செய்ய முடியும்? யானைகள் போரிடுகையில் காலடிப் புல் படும் பாடுதான் அதன் பாடு.

தஞ்சையின் பாடும் அதுவே. அப்பொழுது அரசாண்டவர் துளஜாஜி. 1773-ஆம் ஆண்டு நவாபு முகமதலி கும்பெனிப் படையின் துணையுடன் தஞ்சையைப் பிடித்தார், துளஜாஜி சிறைப்பட்டார். இலண்டனில் இருந்த கும்பெனி இயக்குநர்கள் இதை ஏற்கவில்லை. அவர்களின் ஆணைப்படி சென்னை ஆளுநர் பிகட் பிரபு 1776-இல் துளஜாஜியை மீண்டும் அரியணையில் அமர்த்தினார். அதே ஆண்டில் பிகட் பிரபுவைச் சென்னையிலிருந்த அவருடைய ஆலோசனைச் சபையினரே சிறைப்படுத்தினர். அடுத்த ஆண்டு காவலில் இருந்தபடியே அவர் இறந்தார். ஓர் ஆளுநரையே சிறைவைக்கும் அளவுக்குத் தஞ்சை விவகாரத்தில் பணமும் பகையும் பின்னிக் கிடந்தன. துளஜாஜி திரும்பப் பெற்ற நாடு முன்பிருந்த நாடன்று. கோட்டையில் கும்பெனிப் படை இருந்தது. அதற்குரிய செலவு மன்னர் தலையில் விழுந்தது. போதாக்குறைக்கு 1781-ஆம் ஆண்டில் ஹைதர் அலியின் படையெடுப்பால் வயல்கள் பாழாயின.

இத்துயரங்களுக்கிடையே அரண்மனையில் இன்னொரு துயரமும் நிகழ்ந்தது. துளஜாஜியின் மக்கள் ஒருவர் பின் ஒருவராக மறைந்தனர். வாரிசு இல்லாத அரசைப் பிறர் விழுங்கிவிடுவர் என்பதை அவர் அறிவார். ஆகவே 1787-ஆம் ஆண்டில் போன்ஸ்லே குலத்தின் ஒரு கிளையிலிருந்து ஒரு சிறுவனைச் சுவீகாரம் செய்துகொண்டார். அச்சிறுவன்தான் சரபோஜி. 1777-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள் பிறந்தவன்; அப்பொழுது பத்து வயதும் நிரம்பவில்லை.

சுவீகாரம் என்பது என்ன என்பதை மாணவர்கள் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். மகனில்லாதவர் ஒருவர், சாத்திர விதிப்படி சடங்கு செய்து, பிறர் மகனைத் தம் மகனாக ஏற்பதே அது. ஏற்றுக்கொண்ட பின் அவன் பெற்ற மகனுக்குரிய உரிமைகளை அடைவான். நீத்தார் கடனும் அவனுடையது, சொத்தும் அவனுடையது. அரச குடும்பமாயின் அரியணையும் அவனுடையது. ஒரு குடும்பத்தின் உள்விவகாரமாகத் தோன்றும் இச்சடங்கு, அரச குடும்பத்தில் ஒரு நாட்டின் தலைவிதியையே தீர்மானித்துவிடும். ஆகவேதான் கும்பெனியார் சுவீகாரச் சடங்குகளைக் கழுகுக்கண் கொண்டு நோக்கினர்.

துளஜாஜி தம் இறுதி நாள்களில் அச்சிறுவனை ஒரு ஜெர்மானியரிடம் ஒப்படைக்க விரும்பினார். அவர் பெயர் கிறிஸ்டியன் பிரெடரிக் ஸ்வார்ட்ஸ். 1726-இல் பிராண்டன்பர்க் நாட்டைச் சேர்ந்த சோனன்பர்க்கில் பிறந்து, ஹாலே பல்கலைக்கழகத்தில் பயின்று, 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்தவர். சமயப் பணிக்காக வந்தவராயினும், தமிழை நன்கு கற்று, மராத்தியும் பழகி, ஏழைகளோடும் மன்னர்களோடும் ஒரே தன்மையில் பேசியவர். 1779-இல் ஹைதர் அலியிடம் தூது செல்லக் கும்பெனியார் தேர்ந்தெடுத்ததும் அவரையே. ஹைதரின் படையெடுப்பின்போது தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம் தோன்றிற்று. முன்னர்க் கொடுத்த தானியத்துக்கு விலை பெறாத உழவர்கள் மாடுகளையும் நெல்லையும் தர மறுத்தனர். ஸ்வார்ட்ஸ் தம் சொல்லையே பிணையாக வைத்தார். நெல் வந்து சேர்ந்தது. அரசரின் சொல்லும் படைத்தலைவரின் சொல்லும் செல்லாத இடத்தில் ஓர் ஆசிரியரின் சொல் செல்லுபடியாயிற்று. ஆசிரியப் பணியில் தலை நரைத்தவன் என்ற முறையில், இந்நிகழ்ச்சியை நான் மாணவர்களுக்குச் சொல்லாத ஆண்டே இல்லை.

ஸ்வார்ட்ஸ் அரசுப் பொறுப்பை ஏற்கவில்லை. துளஜாஜியின் மாற்றாந்தாய்ச் சகோதரரான அமர்சிங்கைச் சிறுவனுக்குக் காப்பாளராக்கலாம் என்று யோசனை கூறினார். துளஜாஜி அதே 1787-இல் மறைந்தார். காப்பாளராக வந்த அமர்சிங்கோ அரியணையையே வேண்டினார். சுவீகாரம் செல்லுமா என்ற கேள்வி எழுந்தது. கும்பெனியார் பண்டிதர்களிடம் கருத்துக் கேட்டனர். சிறுவன் தன் பெற்றோருக்கு ஒரே மகன், உரிய வயதைக் கடந்தவன், தத்தெடுத்த மன்னரோ நோயால் தெளிவிழந்திருந்தவர் என்று காரணங்கள் கூறப்பட்டன. சுவீகாரம் செல்லாது என்று முடிவாயிற்று. அமர்சிங் மன்னரானார்.

அதன்பின் சரபோஜி பட்ட துன்பம் சிறிதன்று. அரண்மனையிலேயே அடைபட்டுக் கிடந்தார்; காற்றும் வெளிச்சமும் மட்டுமன்றிக் கல்வியும் மறுக்கப்பட்டது. ஸ்வார்ட்ஸ் இடைவிடாது முறையிட்டதன் பயனாக, 1793-இல் சரபோஜியும் துளஜாஜியின் அரசியரும் சென்னைக்கு அனுப்பப்பட்டனர். அங்கே கெரிக்கே என்ற மற்றொரு ஜெர்மானியப் பாதிரியார் அவருக்குக் கல்வி புகட்டினார். அரியணைக்கு உரியவர் என்று வளர்க்கப்பட்டு, உரியவர் அல்லர் என்று ஒதுக்கப்பட்ட ஓர் இளைஞர், புத்தகங்களைத் துணையாகக் கொண்டது இக்காலத்தில்தான். ஆங்கிலம் சரளமாயிற்று. ஐரோப்பிய விஞ்ஞானத்திலும் மருத்துவத்திலும் தீராத ஆர்வம் முளைத்தது.

இதற்கிடையில் சுவீகார விவகாரம் மறுவிசாரணைக்கு வந்தது. இம்முறை வங்காளத்துப் பண்டிதர்களிடமும் காசிப் பண்டிதர்களிடமும் கருத்துக் கேட்கப்பட்டது. சுவீகாரம் செல்லும் என்று அவர்கள் கூறினர். சாத்திரம் மாறவில்லை, நிகழ்ச்சி மாறவில்லை, தீர்ப்பு மட்டும் மாறியது. நீதி ஒருபுறம் இருக்க, தீர்ப்பு வழங்கும் வலிமை யாரிடம் இருந்தது என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். 1798-ஆம் ஆண்டு ஜூன் மாதம் சரபோஜி முடிசூட்டிக்கொண்டார். அதைக் காண அவருடைய ஆசான் உயிரோடில்லை. அதே ஆண்டு பிப்ரவரி 13-ஆம் நாள் ஸ்வார்ட்ஸ் தஞ்சையில் காலமாகிவிட்டார்.

முடிக்கு விலை ஒன்று இருந்தது. 1799-ஆம் ஆண்டு அக்டோபரில் கும்பெனியாருடன் உடன்படிக்கை ஏற்பட்டது. காவிரி பாயும் தஞ்சை நாட்டின் நிர்வாகம் முழுவதும் கும்பெனியார் கைக்கு மாறியது. மன்னருக்கு ஆண்டுதோறும் ஒரு லட்சம் வராகனும், நிலவருவாயில் செலவு போக மிஞ்சுவதில் ஐந்தில் ஒரு பங்கும் கிடைக்கும். தஞ்சைக் கோட்டையும் அதைச் சுற்றிய சிறு பகுதியும் அவரிடம் இருக்கும். முடி உண்டு, நாடு இல்லை. அப்பொழுது அவருக்கு வயது இருபத்திரண்டு.

இங்கே வைமார் பிரபுவை நினைவுகூர்வோம். கார்ல் ஆகஸ்ட் 1757-ஆம் ஆண்டு செப்டம்பரில் பிறந்தவர். சரபோஜிக்குச் சரியாக இருபது ஆண்டு மூத்தவர். பிறந்து ஓராண்டு நிறைவதற்குள் தந்தையை இழந்தார். தாய் அன்னா அமாலியாவே நாட்டையும் நிர்வகித்து மகனையும் வளர்த்தார். வீலண்ட் என்ற கவிஞர் அவருக்கு ஆசானாக அமைந்தார். 1775-இல் ஆட்சியை ஏற்ற கார்ல் ஆகஸ்ட், கதே என்ற இளம் எழுத்தாளரைத் தம் ஊருக்கு அழைத்தார். பின்னர் ஹெர்டரும் ஷில்லரும் வந்தனர். ஐரோப்பாவின் பெரும் படைகளுக்கு முன் வைமார் ஒரு தூசு. 1806-இல் ஜேனாப் போருக்குப் பின் நெப்போலியனின் வீரர்கள் அவ்வூரைச் சூறையாடவும் செய்தனர். ஆனாலும் ஜெர்மானிய இலக்கியத்தின் தலைநகரம் எது என்று கேட்டால், இன்றும் பலர் வைமாரையே சொல்வர். அன்னா அமாலியாவின் பெயர் தாங்கிய நூலகம் 2004-இல் தீக்கு இரையாகிப் பல்லாயிரம் நூல்களை இழந்தது. பின்னர்ப் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திறக்கப்பட்டது.

வைமார் பிரபுவுக்குச் சிறிய நாடாவது இருந்தது. சரபோஜிக்கு ஒரு கோட்டையே நாடாக எஞ்சியது. எனினும் இருவரும் சென்ற வழி ஒன்றுதான். நெசவு ஊரில் பிறந்த நான் இதை நெசவாளர் மொழியிலேயே சொல்கிறேன். பாவு தறிக்கு வரும்போதே நீளமும் அகலமும் தீர்மானமாகிவிடும். குலம், வாரிசுரிமை, உடன்படிக்கை ஆகியவை அத்தகைய பாவு. ஊடையாக எந்த நூலைக் கொடுப்பது என்பது நெய்பவர் கையில் இருக்கிறது. சரபோஜி கொடுத்த ஊடை என்ன என்று பார்ப்போம்.

முதலாவது சரசுவதி மகால் நூலகம். நாயக்க மன்னர் காலத்திலேயே தஞ்சை அரண்மனையில் ஏட்டுச்சுவடிகள் இருந்தன. சரபோஜி அதை உலகறிந்த நூலகமாக்கினார். 1820-ஆம் ஆண்டு தொடங்கிய காசி யாத்திரையின்போது அவர் புண்ணியத்தோடு சுவடிகளையும் சேர்த்துக்கொண்டு திரும்பினார். பண்டிதர்களை அமர்த்திப் பிரதிகள் எழுதச் செய்தார். ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் முதலிய மொழிகளில் அச்சான நூல்களை ஐரோப்பாவிலிருந்து வரவழைத்தார். அவற்றுள் பலவற்றில் அவருடைய கையொப்பத்தை இன்றும் காணலாம். அந்நூலகத்தில் வடமொழிச் சுவடிகள் மட்டும் முப்பதாயிரத்துக்கு மேல் உள்ளன. தமிழ், தெலுங்கு, மராத்திச் சுவடிகள் தனி. பர்னல் என்ற ஆங்கிலேய அறிஞர் அங்குள்ள வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்து 1880-இல் வெளியிட்டபின், மேலைநாட்டு ஆராய்ச்சியாளர்களின் கவனம் தஞ்சையை நோக்கித் திரும்பியது.

இரண்டாவது கல்வியும் அச்சும். ‘நவவித்யா’ என்ற பெயரில் புதிய கல்வி முறையை அவர் பரப்பினார். 1805-ஆம் ஆண்டில் தேவநாகரி எழுத்தில் அச்சிடும் அச்சகம் ஒன்றை நிறுவினார். அடுத்த ஆண்டு அங்கே ஈசாப்புக் கதைகள் மராத்தி மொழியில் ‘பாலபோத முக்தாவளி’ என்ற பெயருடன் அச்சாயின. பட்டத்துக்கு வந்த மன்னர் முதலில் தம் புகழ்பாடும் நூலை அச்சிடுவதுண்டு. இவர் சிறுவர்களுக்கான கதை நூலை அச்சிட்டார். இதை நான் ஒரு சிறிய செய்தியாக எண்ணவில்லை.

மூன்றாவது மருத்துவம். ‘தன்வந்திரி மகால்’ என்ற நிலையத்தில் நம் நாட்டு மருத்துவமும் மேலைநாட்டு மருத்துவமும் ஒருங்கே ஆராயப்பட்டன. கைகண்ட மருந்துமுறைகளைப் புலவர்களைக் கொண்டு தமிழ்ச் செய்யுளாக்கினார். ‘சரபேந்திர வைத்திய முறைகள்’ என்ற வரிசையில் அவை பிற்காலத்தில் அச்சேறின. கண்நோயாளிகளைப் பற்றிய குறிப்பேடுகள் இன்றும் உள்ளன. நோயாளி யார், நோய் என்ன, அளித்த சிகிச்சை என்ன என்ற குறிப்புகளுடன் கண்ணின் ஓவியமும் வண்ணத்தில் தீட்டப்பட்டுள்ளது. நிழற்படக் கருவி இல்லாத நாளில் நோயைக் கண்டபடி பதிவு செய்ய வேண்டும் என்ற எண்ணமே விஞ்ஞான மனப்பான்மையின் அடையாளம்.

நான்காவது சத்திரங்கள். இவ்விடத்தில்தான் மன்னரின் உண்மையான கவலை வெளிப்படுகிறது. இராமேசுவரம் செல்லும் நெடுவழியில் தஞ்சை மன்னர்கள் பல சத்திரங்களைக் கட்டியிருந்தனர். உடன்படிக்கைக்குப் பின் அவையும் கைமாறிவிடுமோ என்ற அச்சம் சரபோஜிக்கு உண்டாயிற்று. 1801-இல் அவர் தஞ்சையிலிருந்த கும்பெனிப் பிரதிநிதிக்கு விரிவான கடிதம் எழுதினார். சாதி வேறுபாடின்றி வழிப்போக்கர் அனைவருக்கும் உணவு அளிக்கப்படுவதையும், பிள்ளைகளுக்குக் கல்வி கற்பிக்கப்படுவதையும், நோயுற்றோருக்கு மருத்துவமும் கருவுற்ற பெண்களுக்குப் பராமரிப்பும் கிடைப்பதையும் அதில் எடுத்துரைத்து, சத்திரங்களைத் தம் பொறுப்பிலேயே விடுமாறு வேண்டினார். நாட்டைக் கொடுத்துவிட்டவர் அன்னதானத்தை விட்டுக்கொடுக்க மனமின்றி எழுதிய கடிதம் அது. 1802-இல் ஒரத்தநாட்டில் ஒரு பெரிய சத்திரமும் எழுந்தது. தம் அன்புக்குரியவராயிருந்து மறைந்த முக்தாம்பாளின் நினைவாக அதற்கு முக்தாம்பாள் சத்திரம் என்று பெயரிட்டார். அன்புக்கு நினைவுச்சின்னமாகப் பசித்தவர் உண்ணும் இடத்தைத் தேர்ந்தெடுத்தது நினைக்கத்தக்கது.

தம் குடும்ப வரலாற்றில் அவர் கொண்ட அக்கறைக்கும் ஒரு சான்று உண்டு. 1803-ஆம் ஆண்டில் போன்ஸ்லே வம்சத்தின் சரித்திரத்தை மராத்தி மொழியில் எழுதச் செய்து, தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்றுச் சுவரில் கல்வெட்டாகப் பொறித்தார். மிக நீண்ட கல்வெட்டுகளுள் அதுவும் ஒன்று. ‘நீ இக்குலத்து மைந்தன் அல்லன்’ என்று ஒருகாலத்தில் தீர்ப்புக் கேட்டவர், குலவரலாற்றைக் கல்லிலேயே எழுதிவைத்ததன் பொருள் நமக்கு விளங்குகிறதல்லவா?

வளர்த்த ஆசானையும் அவர் மறக்கவில்லை. ஸ்வார்ட்ஸின் படுக்கையருகே சரபோஜி நிற்கும் காட்சியை ஆங்கிலச் சிற்பி பிளாக்ஸ்மன் சலவைக்கல்லில் செதுக்கினார்; சிவகங்கைத் தோட்டத்தை அடுத்த தேவாலயத்தில் அது இருக்கிறது. ஸ்வார்ட்ஸிடம் பயின்ற தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் கிறிஸ்தவத் தமிழ்ப் புலவர். அவரையும் மன்னர் ஆதரித்தார். மன்னரோ தம் முன்னோர் சமயத்தை விடவில்லை. காசிக்குச் சென்று நீராடி வந்தார். பாதிரியாரிடம் வளர்ந்த பிள்ளை தன் சமயத்திலேயே நின்றது; பிற சமயத்து ஆசானுக்கு நினைவுச்சின்னமும் எழுப்பியது. இரண்டும் ஒரே உள்ளத்தில் இடம்பெற்றன.

இவ்வளவையும் கூறிவிட்டு மறுபக்கத்தைச் சொல்லாவிடில் வரலாறு புகழுரையாகிவிடும். மல்லிப்பட்டினத்துக்கு அருகில் கடற்கரையில் மனோரா என்ற அறுகோணக் கோபுரம் நிற்கிறது. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாட 1814-ஆம் ஆண்டையொட்டிச் சரபோஜி எழுப்பியது அது. எங்கோ நடந்த போரில், தம் நாட்டைப் பெற்றுக்கொண்டவர்கள் அடைந்த வெற்றிக்குத் தஞ்சை மன்னர் கோபுரம் கட்டியது, அவருடைய நிலையின் எல்லையைக் காட்டுகிறது. மேலும், அவர் வாங்கிய நூலுக்கும் கருவிக்கும் பணம் எங்கிருந்து வந்தது? நிலவருவாயில் ஐந்தில் ஒரு பங்கு என்றேனே, அது காவிரிக் கரை உழவனின் வியர்வை. சுவடியைப் போற்றும் நாம் அவ்வுழவனையும் மறக்கலாகாது. உழவனைக் காக்கும் அதிகாரத்தை மன்னர் 1799-லேயே எழுதிக் கொடுத்துவிட்டார் என்பதையும் மறக்கலாகாது.

சரபோஜி 1832-ஆம் ஆண்டு மார்ச் 7-ஆம் நாள் காலமானார். அவர் மைந்தர் இரண்டாம் சிவாஜி பட்டமேறினார். பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வர் ஆடற்கலைக்கு ஒழுங்கு வகுத்தது இத்தந்தை மகனார் காலத்து அரசவையில்தான். 1855-இல் சிவாஜி ஆண்மகவு இன்றி இறந்தார். டல்ஹௌசி பிரபுவின் காலம் அது. வாரிசு இல்லை என்று கூறி அரசுகளை அடுத்தடுத்து எடுத்துக்கொண்ட காலம். தஞ்சையின் பட்டமும் மறைந்தது. அரண்மனைப் பொருள்களையும் கும்பெனியார் கைப்பற்றினர்.

மூத்த அரசி காமாட்சிபாய் இதைப் பொறுத்துக்கொள்ளவில்லை. சென்னை உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து வெற்றியும் பெற்றார். கும்பெனித் தரப்பு இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடு செய்தது. ஓர் அரசு மற்றோர் அரசின் மீது தன் வலிமையால் செய்த செயலை நீதிமன்றம் விசாரிக்க இயலாது என்று 1859-இல் அங்கே தீர்ப்பாயிற்று. சட்டம் பயிலும் மாணவர்கள் இவ்வழக்கை இன்றும் படிக்கின்றனர். வழக்கில் தோற்றும் அரசியின் முயற்சி வீண்போகவில்லை. 1862-இல் குடும்பத்தின் தனிச்சொத்து திருப்பித் தரப்பட்டது. ஒரு சிறுவனின் சுவீகாரம் செல்லுமா என்று தொடங்கிய குடும்ப வரலாறு, ஓர் அரசியின் வழக்கில் வந்து முடிந்தது. இரண்டு முறையும் தீர்ப்பு வேற்றார் கையிலேயே இருந்தது.

நூலகம் என்னவாயிற்று? 1918-ஆம் ஆண்டில் அது பொதுமக்களுக்குரிய நிலையமாயிற்று. அரச குடும்பத்தின் உடைமையாக இருந்தது நம் அனைவருக்கும் உடைமையாயிற்று. எங்கள் ஆரணி ஜாகீரும் காலப்போக்கில் மறைந்தது. சத்தியவிஜயநகரத்து அரண்மனையையும் பூசிமலைக்குப்பத்து மாளிகையையும் இன்று காண்போர், பழம்பெருமையைவிடக் காலத்தின் அழிவையே மிகுதியாகக் காண்கின்றனர். அரண்மனை வாழ்ந்தவரோடு போகிறது. நூலகமோ படிப்பவர் ஒருவர் வரும்வரை உயிரோடிருக்கிறது.

இப்பொழுது அம்மாணவனின் வினாவுக்கு விடை கூறலாம். ஓர் அரசர் எத்தனை காதம் ஆண்டார் என்பது ஓர் அளவுகோல். அவருக்குப் பின் வந்தவர் கையில் எதைக் கொடுத்துச் சென்றார் என்பது மற்றோர் அளவுகோல். முதல் அளவுகோலில் சரபோஜி தோற்றவர். அதை மறைக்க வேண்டியதில்லை. இரண்டாவதில் அவரைவிடப் பெரிய நாடுகளை ஆண்ட பலர் அவருக்குப் பின்னே நிற்கின்றனர். வரலாற்றைப் படிக்கும்போது இரண்டு அளவுகோல்களையும் கையில் வைத்திருங்கள். ஒன்றைக்கொண்டு மற்றொன்றை மறைக்காதீர்கள்.

மாணவர்களே, உங்களில் பலர் கோடை விடுமுறையில் தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் செல்வீர்கள். கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபின், திருச்சுற்றுச் சுவரில் உள்ள மராத்திக் கல்வெட்டையும் பாருங்கள். அங்கிருந்து அரண்மனை தொலைவில் இல்லை. சரசுவதி மகாலின் காட்சிக்கூடத்தில் ஒரு நாழிகை செலவிடுங்கள். அங்குள்ள ஓலை ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் கண் வலிக்க எழுதியது. அழியாமற் காக்க வேண்டும் என்று யாரோ ஒருவர் கவலைப்பட்டது. அதைப் படித்துப் பயன் கொள்ளும் பொறுப்பு உங்களுடையது.